வெளிச்சம் போட்ட சத்தம்

கதாநாயகனின் தாயார் சாகக் கிடந்தாள். செங்கல்பட்டு கமலவேணி டாக்கீஸில் அன்று சனிக்கிழமை மேட்னி. பெஞ்சு டிக்கெட்டுப் பெண்கள் முந்தானையை வாயருகே கொண்டுபோய் அழுவதற்குத் தயாராக இருந்தார்கள். தாயார் மகனின் கன்னத்தைத் தொட்டாள். கடைசியாக ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தாள். ஜல்லி ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவதுபோல 'ஹூ…ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கொட்டகை முழுக்கக் கிளம்பியது.

மகன் கதறினான். அவன் வாயிலிருந்தும் லாரிதான் வந்தது.

"யோவ் ஆப்ரேட்டர்! கெய்வி செத்துச்சா, இல்ல பேயி புட்ச்சிகிச்சா?" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. அழத் தயாராக இருந்த பெண்கள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபப்பட்டார்கள்.

இவ்வளவு நடந்துகொண்டிருக்கையில், மேலே மெஷின் ரூமில், ஆப்ரேட்டர் நீலமேகம் இரண்டு கைகளையும் கோத்துச் சுவரில் முயல் காட்டிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. பதினான்கு வருஷமாகப் படம் ஓட்டுகிறவன். முயல் காட்ட வெளிச்சம் வேண்டுமென்று ரிப்பேர் பார்க்கிற கைவிளக்கை வயரோடு இழுத்து, கைக்கு எட்டின இடத்தில் மாட்டியிருந்தான். அது மெஷினில் சத்தம் எடுக்கிற பாகம், சவுண்டு ஹெட். காலையில் அதைத் துடைத்தவனும் அவன்தான், துடைத்துவிட்டு மூடியைச் சாத்த மறந்தவனும் அவன்தான். முயல் காதை ஆட்டியபோதுதான் அவனுக்கே அந்த உறுமல் உறைத்தது. 'எவன்டா இது படத்துல லாரி வுட்டது' என்றுதான் முதலில் நினைத்தான்.

படச்சுருளின் ஓரத்தில், படங்களை ஒட்டினாற்போல, நடுங்குகிற கையால் இழுத்தது மாதிரி ஒரு கோடு ஓடும். அதற்கு ஒரு பக்கம் சின்ன பல்பு, எதிர்ப்பக்கம் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குப் பெயர் செல். பல்பின் வெளிச்சம் கோட்டைத் தாண்டி செல்லின் மேல் விழும். கோடு அகன்றும் குறுகியும் ஓட ஓட, வெளிச்சம் குறைந்தும் கூடியும் விழும். செல் அந்த வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றி அனுப்பும். ஆம்ப்ளிபயர் அதைப் பெருக்கும், திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் பேசும். கதாநாயகி பாடுவது, வில்லன் சிரிப்பது, தாயார் சாவது எல்லாம் முதலில் வெளிச்சமாகத்தான் அந்தச் செல்லுக்குப் போய்ச் சேருகின்றன. நடுவில் வேறு வெளிச்சம் நுழைந்தால் செல் அதையும் விசுவாசமாக மின்சாரமாக்கிவிடும். நீலமேகத்தின் கைவிளக்கும் அப்படித்தான் தாயாரின் வாய்க்குள் நுழைந்தது.

பாய்ந்துபோய் விளக்கைப் பிடுங்கினான். உறுமல் நின்றது. அதற்குள் தாயார் செத்துப்போயிருந்தாள். அவள் சொன்ன கடைசி வார்த்தை என்னவென்று செங்கல்பட்டில் அந்த ஆட்டம் பார்த்த ஒருவருக்கும் தெரியாது.

படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. கொட்டகை முதலாளி ஜம்புலிங்கம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"இன்னாய்யா நீலமேகம், இன்னா பண்ணிகினு கீற?"

நீலமேகம் கையில் எரிகிற விளக்கோடு, மூலையில் பிலிம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த தன் மகள் பூவாயியைப் பார்த்தபடி நின்றான்.

"மொதலாளி," என்றான். "கொயந்த திரும்புச்சு."

"இன்னாது?"

"சத்தம் வந்துச்சு இல்ல? அப்ப என் கொயந்த திரும்பிப் பாத்துச்சு மொதலாளி."

திட்டுவதற்காக நாற்பது படி ஏறி வந்த ஜம்புலிங்கம், திட்டை அப்படியே விழுங்கினார். ஏனென்றால் அந்தக் குழந்தையின் விஷயம் கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும்.

பூவாயிக்கு நாலு வயது. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், சில சமயம். திரும்பமாட்டாள், பல சமயம். சனிக்கிழமைகளில் நீலமேகத்தின் மனைவி வச்சலா சந்தையில் கருவாடு விற்கப் போய்விடுவதால், மேட்னி முடியும்வரை பிள்ளை மெஷின் ரூமில் அப்பனோடு இருப்பாள். மெஷின் 'கடகட'வென்று ஓடும் அந்த அறையில் வேறு எந்தக் குழந்தையும் பத்து நிமிஷம் தாங்காது. பூவாயி அங்கேயே தூங்குவாள். அதை நீலமேகம் வெகுநாளாக, 'என் பொண்ணுக்குத் தொழில் ரத்தத்துல ஊறிக்கிடக்கு' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இந்தப் பிள்ளைக்குக் காது கேட்குமா, கேட்காதா? இந்த ஒரு கேள்வியை அவன் இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டு அலைந்தான். ஒரு டாக்டர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், பாக்கலாம்" என்றார். மாமியார் மாரியம்மா, "திருப்போரூர் முருகனுக்கு மொட்ட போடறேன்னு வேண்டிக்க மாப்ள" என்றாள். இரண்டு தடவை மொட்டை போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், தன் சித்தப்பா ஒன்பது வயதில் பேச ஆரம்பித்துக் கடைசியில் வக்கீல் குமாஸ்தா ஆனதைச் சொன்னார். மெட்ராஸிலிருந்து ஆம்ப்ளிபயர் சர்வீசுக்கு வரும் காசிநாதனைக் கேட்டதற்கு, அவர் வால்வுகளின் விலை ஏறிப்போனதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

ஒருத்தர்கூட அவனுக்கு நேராக ஒரு பதில் சொல்லவில்லை. இதில் அவன் யாரையும் குறைசொல்ல முடியாது. நேரான பதிலுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். 'படம் எத்தினி மணிக்கு முடியும்?' என்று கேட்டால், 'ஈரோயின் கண்ணாலத்துக்கு ஒத்துகினா அஞ்சே முக்கா' என்பான். பெண் பார்க்கப் போனபோது மாமியார், 'மாப்ள குடிப்பாரா?' என்று கேட்டதற்கு, 'குடுத்தா குடிப்பேன்' என்று சொல்லிக் காப்பி டம்ளரை நீட்டியவன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் வச்சலாவைக் கட்டிக்கொண்டான். சிரிப்பு வந்துகொண்டிருந்தவரை குடும்பத்தில் குறையொன்றும் இல்லை. இப்போதெல்லாம் அவள் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. காலி கொட்டகையில் பரீட்சை நடந்தது. ஏற்பாடு நீலமேகம். உதவி ஜம்புலிங்கம். சனிக்கிழமை நடந்ததற்கு நியாயமாக வேலையை விட்டுத் தூக்க வேண்டியவர், பிள்ளையின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பொரி ஊட்டிக்கொண்டிருந்தார்.

நீலமேகம் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தான். மெஷின் ரூமில் பிள்ளை திரும்பியது விளக்கைப் பார்த்ததாகவும் இருக்கலாம் இல்லையா? அவ்வளவு அறிவு அவனுக்கும் இருந்தது. அதனால் இந்தத் தடவை பிள்ளை கீழே, திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். விளக்கு மேலே, அவள் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம். படம் ஓட்டவேண்டியதில்லை. ஆம்ப்ளிபயரைப் போட்டு வால்வு சூடானதும், சவுண்டு ஹெட்டைத் திறந்து கைவிளக்கைக் காட்டினால் போதும், செல் வெளிச்சத்தைத் தின்றுவிட்டுக் கத்தும். சத்தம் மட்டும்தான் கீழே போகும். இதில் ஓட்டை எங்கே இருக்கிறது?

விளக்கைக் காட்டினான். ஹூ…ம்ம்ம். சுவரிலிருந்த சந்து வழியாகக் கீழே எட்டிப் பார்த்தான்.

பூவாயி சட்டென்று நிமிர்ந்தாள். ஜம்புலிங்கத்தைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"பாத்துச்சுப்பா!" என்று ஜம்புலிங்கம் கத்தினார்.

இரண்டாம் தடவை. பார்த்தாள். மூன்றாம் தடவை கையிலிருந்த பொரியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தாள். நீலமேகம் மெஷினில் சாய்ந்துகொண்டு அழுதான். பல்சக்கரம் துடைக்கும் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கீழே இறங்கி வந்தபோது முகமெல்லாம் மசி. பூவாயி அவனைப் பார்த்துச் சிரித்தாள். குரங்குமாதிரி இருந்தான், சிரிக்காமல் என்ன செய்வாள்.

அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சதுரங்கப்பட்டினம் பஸ் ஏறினான். வச்சலா சந்தை முடிந்த கையோடு நேற்றே அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன்மார் வலையில் வாளை நிறையப் பட்டிருந்தது, அறுத்து உப்புப் போட ஆள் வேண்டியிருந்தது. பஸ்ஸில் கண்டக்டருக்கு ஒரு ஜிலேபி. முன் சீட்டு அம்மாளுக்கு ஒன்று. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பொட்டலம் பாதி இளைத்துவிட்டது.

மணலில் பாய் விரித்து மாரியம்மாவும் வச்சலாவும் மீன் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நீலமேகம் நின்ற இடத்திலேயே முழுக்கதையையும் நடித்துக் காட்டினான். தாயார் சாவதை நடித்தான், லாரியை நடித்தான், ஜம்புலிங்கம் பெஞ்சிலிருந்து எழும்பிக் குதித்ததை இரண்டு தடவை நடித்தான். வலைகட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாரியம்மா, "முருகா, ரெண்டு மொட்டையும் வீண்போவல" என்று சொல்லிக் கற்பூரம் தேடி உள்ளே ஓடினாள்.

வச்சலாவின் கத்தி நிற்கவில்லை. ஒரு மீன், இன்னொரு மீன்.

"இன்னாமே, ஒனக்கு சந்தோசம் இல்லியா?"

"நல்லதுதான்யா."

"நல்லதுதான்யாவா? ஒம் பொண்ணுக்குக் காது கேக்குதுன்னு சொல்லிகினு கீறேன். எவனோ எலக்சன்ல கெலிச்ச மாதிரி பேசற?"

"வெயிலு ஏறுது. மீனு கெட்டுப்பூடும். கொயந்தைய நெழல்ல வுடு" என்றாள். தலையைத் தூக்கவே இல்லை.

அவனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவனுக்குத் திட்டத் தெரியாது, தமாஷ்தான் வரும். "பாத்துக்கங்கப்பா, எம் பொண்டாட்டிக்குப் புள்ளையவிட வாளமீனு முக்கியம்!" என்று சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். வச்சலாவும் உதட்டை அசைத்தாள்.

மிச்ச ஜிலேபியோடு டச்சுக் கோட்டைப் பக்கம் நடந்தான். அங்கே டீக்கடை பெஞ்சில் சுப்புராமன் உட்கார்ந்திருந்தார். கல்பாக்கம் அணுசக்தி ஆபீசில் கருவிகள் பிரிவில் வேலை, கும்பகோணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோட்டையைச் சுற்றி நடப்பார். மாசம் ஒரு தடவை செங்கல்பட்டுக்கு வந்து படம் பார்ப்பார். படத்தைவிட மெஷின்தான் அவருக்குப் பிடிக்கும். இடைவேளையில் மேலே ஏறி வந்து சவுண்டு ஹெட்டைச் சாமி கும்பிடுகிற மாதிரி பார்த்துவிட்டுப் போவார்.

நீலமேகம் கதையைச் சொன்னான். லாரி வந்ததும் சுப்புராமனின் முகம் மலர்ந்துபோயிற்று.

"பிரமாதம்! ஏன் உறுமித்து தெரியுமா? நம்ம கரண்ட் ஒரு செகண்டுக்கு ஐம்பது தடவை இப்படியும் அப்படியுமாப் போய் வரும். அப்படிப் போய் வர்ற ஒவ்வொரு தடவையும் பல்பு ரெண்டு முறை லேசா மங்கிப் பிரகாசிக்கும். செகண்டுக்கு நூறு தடவை. நம்ம கண்ணுக்கு அது தெரியாது. ஆனா செல் விடாது. அதுக்குள்ள ஒரு உலோகப் பூச்சு இருக்கு பாருங்க, வெளிச்சம் பட்டதுமே அதிலேர்ந்து எலெக்ட்ரான் தெறிச்சுக் கிளம்பும். வெளிச்சம் ஜாஸ்தியானா ஜாஸ்தி, கம்மியானா கம்மி. ஒரு துளி தாமதம் கிடையாது. நூறு தடவை மங்கினா நூறு தடவை கரண்ட் குறையும். அதைத்தான் நீங்க கேட்டீங்க. டார்ச் லைட்டை ஆடாமப் பிடிச்சிருந்தா இந்த உறுமல் வந்திருக்காது, அது பேட்டரி."

"அது இருக்கட்டும் சார். கொயந்த திரும்புச்சு, அதச் சொல்லுங்க."

சுப்புராமன் டீயை ஊதினார். "குழந்தை எதுல உட்கார்ந்திருந்தா?"

"பெஞ்சுல."

"மரப் பெஞ்சா?"

"இல்ல, வெள்ளிப் பெஞ்சு. மரந்தான் சார்."

"பக்கத்துல யாரும் இருந்தாங்களா?"

"மொதலாளி. யப்பா, அவரு எகிறினது கீதே! ஒரு மொழம் மேல போயி வந்தாரு." நீலமேகம் பெஞ்சிலிருந்து எகிறிக் காட்டினான்.

சுப்புராமன் சிரிக்கவில்லை. அவன் எகிறி இறங்கியதில் பெஞ்சு ஆடி அவருடைய டீ தளும்பிச் சட்டையில் கொட்டியிருந்தது. அதை மெதுவாகத் துடைத்தார். நீலமேகம் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப… கேக்காதா சார்?"

"நான் அப்படிச் சொல்லலை. ஒரே சமயத்துல சத்தமும் வந்து, பெஞ்சும் அதிர்ந்து, பக்கத்துல இருக்கறவரும் குதிச்சா, எதனால திரும்பினான்னு எப்படிச் சொல்றது? அவ்வளவுதான் சொல்றேன். உங்க செல்லையே எடுத்துக்கங்க. அதுக்குக் காது கிடையாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஆனா வெளியில நிக்கறவனுக்கு அது எல்லாத்தையும் கேட்டுட்டுத் திருப்பிச் சொல்ற மாதிரி…" சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எனக்குப் படிப்பு கெடயாது சார். கேக்குமா கேக்காதா, ஒண்ணு சொல்லுங்க."

"அது டாக்டர் சொல்லணும் நீலமேகம்." எழுந்து நின்றார். கொஞ்சம் தயங்கினார். "மறுபடி செஞ்சு பாக்கறதா இருந்தா, குழந்தை உடம்பு பெஞ்சுல படவேண்டாம். யாராவது தூக்கி வச்சுக்கட்டும். கீழ மண்தரையா இருக்கட்டும். முக்கியமா, தூக்கி வச்சிருக்கறவங்க அசையக்கூடாது. உடம்பு துள்ளினா குழந்தைக்குத் தெரிஞ்சுடும்." அவர் போன பிறகு ஜிலேபிப் பொட்டலம் பெஞ்சிலேயே கிடந்தது. ஒரு காக்கா வந்து பார்த்தது. நீலமேகம் அதை விரட்டவில்லை.

திரும்பி வந்து, உப்புத் தொட்டியண்டை நின்றுகொண்டிருந்த வச்சலாவிடம் விஷயத்தைச் சொன்னான். தமாஷ் இல்லாமல்தான் சொல்லப் பார்த்தான். சொல்லி முடித்துவிட்டு, "நீ தூக்கிகினு நிக்கறியா?" என்று கேட்டான்.

அவள் கையை முழங்கைவரை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

"நிக்கறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கொட்டகையைத் திறந்தார்கள். ஜம்புலிங்கம் உள்ளே வரவில்லை. "நா வந்தா குதிப்பேன்பா" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கவுண்டரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தரை டிக்கெட்டு மணலில், திரைக்குப் பத்தடி தள்ளி, வச்சலா வெறுங்காலோடு நின்றாள். பூவாயி இடுப்பில் இருந்தாள். முகம் அம்மாவின் தோளுக்கு மேல், மெஷின் ரூம் பக்கம். மேலே சந்தில் நீலமேகத்தின் ஒரு கண் தெரிந்ததும் அவள் கையை ஆட்டினாள். அவன் சட்டென்று மறைந்துகொண்டான்.

"ஆடாத நிக்கணும்மே. நா எப்ப லைட்டப் போடுவேன்னு சொல்லமாட்டேன். திடீர்னுதான் வரும், தூக்கிவாரிப் போடும். பல்லக் கடிச்சிகினு நில்லு."

"நிப்பேன். நீ போடு."

ஆம்ப்ளிபயர் சூடாகட்டும் என்று காத்திருந்தான். விளக்கைக் கையில் எடுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது. மூன்றுக்கு மூன்று வாங்கிய பிள்ளையை மறுபடி பரீட்சைக்கு உட்காரவைக்கிற வாத்தியார் எங்கேயாவது உண்டா? ஒரு சுவிட்ச்சைப் போடாமல் இருந்தால் போதும். அவன் மகளுக்குக் காது கேட்கும், செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம்வரை ஜிலேபி தின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும்.

சுவிட்ச்சைப் போட்டான்.

கொட்டகை உறுமியது. தகரக் கூரை தடதடத்தது. கூரை இடுக்கிலிருந்த குருவிகள் விர்ரென்று கிளம்பின. பூவாயி தலையைத் தூக்கினாள்.

"திரும்பிட்டா! வச்சலா, திரும்பிட்டா!" என்று சந்து வழியாக அலறினான். அலறும்போதே பார்த்தான். அவள் கண் குருவிகளோடு போய்க்கொண்டிருந்தது. குருவி வலப்பக்கம் போனால் வலப்பக்கம், இடப்பக்கம் போனால் இடப்பக்கம்.

விளக்கை அணைத்துவிட்டு, கடைசிக் குருவி வாசல் வழியாக வெளியே போகும்வரை காத்திருந்தான்.

இரண்டாம் தடவை. பூவாயி அம்மாவின் கருகமணியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ஆம்ப்ளிபயரைக் கடைசிவரை திருகினான். படம் ஓடும்போது ஒருநாளும் அவ்வளவு வைத்ததில்லை, ஸ்பீக்கர் கிழிந்துவிடும். விளக்கைச் செல்லுக்கு அருகே, இன்னும் அருகே கொண்டுபோனான். கூரையிலிருந்து பழைய ஒட்டடை உதிர்ந்தது. டிக்கெட் கவுண்டரில் ஏதோ உருண்டு விழுந்தது, "அடச்சீ!" என்று ஜம்புலிங்கத்தின் குரல் கேட்டது. மெஷினுக்கு அடியில் அவனுடைய காப்பி டம்ளர் தானாக நகர்ந்தது.

பூவாயி கொட்டாவி விட்டாள்.

பெரிய கொட்டாவி. உள்நாக்குவரை தெரிந்தது. விட்டு முடித்துவிட்டு அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவன் வச்சலாவைப் பார்த்தான். அதுவரை பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தவன். அவ்வளவு இரைச்சலிலும் அவள் முதுகு அசையவில்லை, தோள் துள்ளவில்லை, காலடியில் மணல்கூட நகரவில்லை. பதினான்கு வருஷம் ஸ்பீக்கரோடு குடித்தனம் செய்தவன், அவனுக்கே ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டது. வெளியில் உட்கார்ந்திருந்த ஜம்புலிங்கம் எதையோ தட்டிவிட்டார். முதல் தடவை கேட்கிறவளால் இப்படி நிற்க முடியாது. இப்படி நிற்கப் பழகியிருக்க வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தனியாக, யாருக்கும் தெரியாமல், பல நாள்.

விளக்கை அணைத்தான். அணைத்த பிறகும் விளக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். பல்பு சுட்டது.

நாற்பது படியும் இறங்கி வந்தான். வரும்போதே வாயில் ஒரு தமாஷ் தயாராகிக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து அவனுக்கு அப்படித்தான். சுடுகாட்டில்கூட வந்திருக்கிறது. 'எங்க சவுண்டு சரியில்லைன்னுதான் கொயந்த தூங்கிடுச்சு' என்பது மாதிரி ஏதோ ஒன்று. மணலில் கால் வைத்து அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

பூவாயி அவனைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினாள். வாங்கிக்கொண்டான். அவள் அவனுடைய விரல்களைப் பிடித்து ஒன்றோடொன்று கோக்கப் பார்த்தாள்.

"மண்ணுல நின்னா சத்தம் கம்மியாத் தெரியுமோ இன்னாவோ" என்றான். "ஒருவேள தூக்கக் கலக்கம். காலைல சீக்கிரம் எயுப்பிட்டோம் இல்ல? அந்த சுப்புராமன் சாரு வேற…"

வச்சலா அவன் பேசி முடிக்கட்டும் என்று நின்றாள். அதனால் அவன் பேசி முடித்துவிட்டான்.

"வச்சலா."

"ம்."

"தமாஷ் பண்ணலமே. நேராவே கேக்கறேன். நீயாவது சொல்லு."

அவள் பிள்ளையின் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அப்படிப் பார்த்தாள்.

"ஆறு மாசக் கொயந்தையா இருக்கச்சொல்ல, தூங்கிகினு இருந்தா. அம்மா கைதவறி அண்டாவ படிமேல போட்டுச்சு. தெருவே ஓடியாந்துச்சு. இவ எய்ந்துக்கல. அப்புறம் நானே போட்டுப் பாத்தேன். தட்டு, குண்டான், இன்னா கெடச்சுதோ அது. முதுகுக்குப் பின்னால கையத் தட்டினேன். தீவாளிக்குத் தூக்கிகினு போயி வெடி வெடிக்கற எடத்துல நின்னேன், ஆடாத நின்னேன். மூணு தீவாளி. நீ வூட்டுக்கு வந்து, கூப்ட்டேன் திரும்புனா, கூப்ட்டேன் திரும்புனான்னு சிரிச்சிகினே சொல்லுவ. எப்பிடிய்யா சொல்றது ஒங்கிட்ட? நீ உள்ள வரச்சொல்ல கதவத் தெறப்ப, வெளிச்சம் வரும். அதப் பாத்துத் திரும்புவா."

அவன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அவளுக்குக் காது கேக்காதுய்யா" என்றாள் வச்சலா. "பொறந்ததுலேர்ந்து கேக்கல. இனிமேலும் கேக்காது."